வளரவில்லையே என்று உரத்தைக் கொட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது செடி. வீட்டுக்குள் அழகுக்கு வளர்க்கும் இசட் இசட் (ZZ) செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார் ஓர் அம்மா. "எட்டு மாசமா ஒரு துளிர்கூட இல்ல. வாராவாரம் உரம் போட்டேன். இப்போ தண்டெல்லாம் சாயுது" என்றார். மண்ணின் மேல் உரத்தின் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். உருளைக்கிழங்கு போலக் கெட்டியாக இருக்க வேண்டிய கிழங்கு, விரல் பட்டதும் கொழகொழவென்று நசுங்கியது.

துளிர் விடாமல் இருந்தபோது அந்தச் செடிக்கு நோய் எதுவும் இருக்கவில்லை. மாதக்கணக்கில் அசையாமல் இருப்பது அதன் சுபாவம். மண்ணுக்குள் கிழங்கைப் பெருக்கிக்கொண்டு கிடக்கும், அப்புறம் திடீரென்று இரண்டு மூன்று குருத்துகள் சேர்ந்தாற்போலக் கிளம்பும்.

மணி பிளாண்ட் நல்ல வெளிச்சத்தில் ஓரிரு வாரத்துக்கு ஓர் இலை விடும். பக்கத்திலேயே இருக்கும் ஸ்நேக் பிளாண்ட் வருஷத்துக்குச் சில இலைகள் விட்டாலே நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சைக்கஸ் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒருமுறைதான் ஒரு சுற்று இலை விரிக்கும். துலுக்கச் சாமந்தி விதை போட்ட இரண்டு மாதத்தில் பூத்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்துச் சகுவாரோ கள்ளிக்கு முதல் எட்டு வருஷத்தில் நாலு சென்டிமீட்டர் உயரமே பெரிது. சிலவகை மூங்கில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் வரை வளர்ந்திருக்கிறது. அதுவும் தாய்க்கிழங்கு வருஷக்கணக்கில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான். விதையிலிருந்து வரும் மூங்கில் நாற்று ஆரம்பத்தில் மெதுவாகவே வரும்.

எனக்கு வருத்தம் இதில்தான்: உரம் செடியின் சாப்பாடு என்று எல்லோரும் நம்புகிறார்கள். இல்லவே இல்லை. வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி நன்றாக உலர்த்தி எடைபோட்ட மண்ணில் ஒரு வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். சுமார் 2 கிலோ இருந்த கன்று 75 கிலோவுக்கு மேல் போனது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. இது 1648-லேயே அச்சில் வந்துவிட்டது. எல்லாம் தண்ணீரால் வந்தது என்று அவர் நினைத்தார். காற்றிலிருக்கும் கரியமில வாயுவையும் தண்ணீரையும் வெளிச்சத்தில் சமைத்துத்தான் மரம் உடம்பு வளர்க்கிறது என்பது பின்னால் தெரிந்தது. உரம் அந்தச் சமையலுக்கு உப்பு மாதிரி. அடுப்பே எரியாதபோது உப்பை அள்ளிப் போட்டு என்ன ஆகப்போகிறது? வேர்தான் கருகும்.

வெளிச்சம் பற்றாத மூலையில் ஜேட் செடி கிடுகிடுவென்று நீண்டால் அதையும் வளர்ச்சி என்று எண்ணிவிடாதீர்கள். கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, தண்டு மெலிந்து, ஜன்னல் பக்கம் சாய்ந்தால், அது வெளிச்சம் தேடித் தவிக்கிறது. (செடி வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள், கணுவைப் பாருங்கள். செடித் தொழிலில் இருக்கும் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.)

செடி நின்றுவிட்டதாகத் தோன்றினால் முதலில் ஜன்னலருகே நகர்த்துங்கள். மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். புதிதாக மாற்றி நட்ட செடி முதலில் வேர்தான் விடும், அதைக் கிளறாதீர்கள். பெரிய தொட்டிக்கு மாற்றினால் வேகமாக வளரும் என்பதும் தப்பு. வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். இப்போது இருப்பதைவிட இரண்டு விரல் அகலம் கூடிய தொட்டி போதும். உரம் புதுத்துளிர் வரும் பருவத்தில் மட்டும், பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு. குளிரில் தூங்குகிற செடிக்குத் தயவுசெய்து வேண்டவே வேண்டாம்.

அந்த அம்மாவின் செடியில் பச்சை மாறாத மூன்று இலைகளை மட்டும் எடுத்து ஈரமணலில் குத்தி வைத்திருக்கிறேன். காம்படியில் பட்டாணி அளவு கிழங்கு கட்டவே சில மாதம் ஆகும், குருத்து வர ஒரு வருஷம்கூட ஆகலாம். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். சரி என்றார்.