ஸ்டபீலியா: சுருங்கிய தண்டுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஸ்டபீலியா வளர்ப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தண்டெல்லாம் சுருங்கிப் போச்சு, தினமும் தண்ணி ஊத்துறேன், அப்பவும் சுருங்கிக்கிட்டே இருக்கே?" பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தொட்டி மண் ஈரமாக இருக்கும்போதே தண்டு சுருங்கினால், நீரை உறிஞ்ச அந்தச் செடிக்கு வேர் மிஞ்சவில்லை என்று பொருள். அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் அழுகலைத் தண்டுக்குள் இன்னும் உயரமாக ஏற்றும். வீடுகளில் இந்தச் செடி சாவது பெரும்பாலும் இப்படித்தான். இத்தனை அழகான பூவைத் தரக்கூடிய செடி, அக்கறையோடு ஊற்றிய தண்ணீராலேயே போய்விடுவது வருத்தமான விஷயம். அதனால் இந்தக் கட்டுரையில் அழுகலுக்குத்தான் அதிக இடம்.

இங்கே பேசுவது ஸ்டபீலியா ஜைஜான்டியா என்ற இனத்தைப் பற்றி. தென்னாப்பிரிக்காவில் தொடங்கி தான்சானியா வரை, வறண்ட கல்தரைகளில் தானாக வளர்வது. தாவரவியலாளர் என். ஈ. பிரவுன் 1877இல் இதற்குப் பெயரிட்டார். பார்த்தால் கள்ளி போலிருக்கும். உண்மையில் இது எருக்கின் குடும்பம். நான்கு பட்டைகள் கொண்ட, சுமார் 3 செ.மீ. கனமுள்ள பச்சைத் தண்டுகள் அடியிலிருந்து கூட்டமாகக் கிளம்பி 20 செ.மீ. வரை உயரும். தண்டு முழுக்க மெல்லிய ரோமம். பட்டை விளிம்பில் பற்களாகத் தெரிபவை மென்மையானவை, குத்தாது. தண்டை ஒடித்தால் நிறமற்ற சாறு வரும். வெள்ளைப் பால் வடிந்தால் கையில் இருப்பது ஸ்டபீலியா இல்லை, திருகுகள்ளி வகையாக இருக்கலாம். அந்தப் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலைத் தரும். பெயர் தெரியாத துண்டைக் கையாளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பூதான் இந்தச் செடியின் பெருமை. ஐந்து இதழ்கள் கொண்ட நட்சத்திரம், விரிந்தால் 25 முதல் 35 செ.மீ. அகலம். வெளிர் மஞ்சள் தளத்தில் குறுக்கே மெல்லிய கருஞ்சிவப்பு வரிகள், விளிம்பெல்லாம் நீண்ட ரோமம். கூடவே அழுகிய இறைச்சியின் நாற்றமும் வரும். அதைப் பற்றிப் பிறகு.

தொட்டியும் மண்ணும்

வேர் ஆழம் போகாது, பக்கவாட்டில்தான் படரும். தண்டுகளும் சாய்ந்து, தரையைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே 20–25 செ.மீ. அகலமும் 10–12 செ.மீ. ஆழமும் உள்ள தட்டையான மண் தொட்டி போதும். ஆழமான தொட்டியில் வேர் எட்டாத அடிமண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அழுகல் அங்கிருந்துதான் கிளம்பும். அடியில் குறைந்தது மூன்று நான்கு துளைகள் வேண்டும். தொட்டிக்குக் கீழே தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

மண் கலவையில் பாதியாவது கல்லும் மணலுமாக இருக்கட்டும். இரண்டு பங்கு பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) அல்லது 3–6 மி.மீ. அளவில் உடைத்த செங்கல் சல்லி, ஒரு பங்கு சாதாரணத் தோட்ட மண், ஒரு பங்கு சலித்த, நன்றாக மக்கிய உரம். மணல் சேர்ப்பதாக இருந்தால் மாவு போன்ற நுண்மணலைச் சலித்துத் தள்ளிவிட்டுப் பெருமணலை மட்டும் எடுங்கள். நுண்மணல் வடிகாலைக் கூட்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது மண்ணின் இடைவெளிகளை அடைத்துக் காற்றை வெளியேற்றுகிறது. தேங்காய் நார்க்கழிவு மட்டும் நிரப்பிய தொட்டி இதற்கு ஆகவே ஆகாது. மேலே காய்ந்து வெளுத்துத் தெரியும்போதும் உள்ளே பிழியப் பிழியத் தண்ணீர் இருக்கும். வாங்கி வந்த செடி அப்படிப்பட்ட தொட்டியில் இருந்தால், பூமொட்டு இல்லாத சமயத்தில் உடனே மாற்றிவிடுங்கள்.

தண்ணீர்

இந்தச் செடி இரவில்தான் தண்டின் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. வெயில் நேரத்தில் மூடிக்கொள்வதால் நீர் இழப்பு மிகக் குறைவு. இலைச்செடிகளுக்கு ஊற்றும் கணக்கு இதற்குப் பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும் வரை முழுதாக ஊற்றுங்கள். அதன்பின் தொட்டி அடிவரை காயும் மட்டும் தொடாதீர்கள். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும். ஓர் ஈர்க்குச்சியை அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். குச்சியில் மண் ஒட்டியிருந்தாலோ, கன்னத்தில் வைத்தால் குளிர்ந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. வெப்பமான வளர்ச்சிக் காலத்தில் 7–10 நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம். குளிர்ந்த காலத்தில் 3–4 வாரத்துக்கு ஒருமுறை போதும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் இடங்களில் செடியை உள்ளே எடுத்துவைத்துத் தண்ணீரை நிறுத்திவிடுவது நல்லது. தொடர்மழைக் காலத்தில் கூரைக்கு அடியில் வையுங்கள். தண்டுகளுக்கு நடுவே ஊற்றாமல் தொட்டி ஓரமாக ஊற்றுவதும் உதவும். நெருக்கமான தண்டுக் கூட்டத்தின் நடுவில் காற்று போகாது, அங்கே தேங்கும் ஈரம் எளிதில் உலராது.

தாகமா, அழுகலா?

தாகத்தில் இருக்கும் தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சுருங்கும். பட்டைகள் ஒட்டிக் கூர்மையாகும், நிறம் சற்று மங்கும், ஆனால் அடிப்பகுதியை அழுத்தினால் உறுதியாக இருக்கும். மண்ணும் காய்ந்திருக்கும். முழுதாக ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் சில நாளில் பழையபடி திரண்டுவிடும்.

அழுகும் தண்டில் அடிப்பகுதி முதலில் மாறும். மஞ்சள் கலந்த பழுப்பு, பிறகு கறுப்பு. அழுத்தினால் உள்வாங்கும், சில சமயம் நீர் கசியும். மேற்பகுதி பச்சையாகவே சுருங்கும், ஏனென்றால் கீழிருந்து நீர் ஏறும் வழி செத்துவிட்டது. மேற்பகுதியின் பச்சையை நம்பிக் காத்திருப்பவர்கள்தான் முழுச் செடியையும் இழக்கிறார்கள். பூஞ்சை தண்டின் நடுப்பகுதி வழியாக ஏறுவதால், வெளித்தோலில் கறுப்பு தெரியும் உயரத்தைவிட உள்ளே அது அதிக உயரத்தில் இருக்கும்.

அழுகல் என்று உறுதியானதும் அன்றே வேலையை முடியுங்கள். செடியை வெளியே எடுத்து மண்ணை உதிர்த்துவிட்டு, 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்த கூர்மையான கத்தியால், கறுப்புக்கு இரண்டு செ.மீ. மேலே வெட்டுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள். முழுவதும் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தாலும் கத்தியைத் துடைத்துவிட்டு இன்னொரு செ.மீ. மேலே வெட்டுங்கள். சுத்தமான முகம் கிடைத்ததும் கந்தகத்தூளைத் தொட்டுத் தடவி, நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் 5–7 நாள் உலர்த்துங்கள். பழைய மண்ணை மீண்டும் பயன்படுத்தவே கூடாது. தொட்டியைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே புதுக் கலவையை நிரப்புங்கள்.

வேர் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: வேர் மாவுப்பூச்சி. செடியை வெளியே எடுக்கும்போது வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் வெண்மையான மெழுகுப் பொடி படிந்திருந்தால் அதுதான். தண்ணீரில் வேரை முழுக்கக் கழுவி, மோசமான வேர்களை வெட்டி, ஓரிரு நாள் உலர்த்திப் புதுக் கலவையில் நடுங்கள். தண்டின் இடுக்குகளில் இருக்கும் மாவுப்பூச்சிக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியே போதும். வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும், முட்டைகள் பிறகுதான் பொரியும். தொட்டியில் எறும்பு ஊர்ந்தால் பூச்சி இருக்கிறதா என்று தேடுங்கள். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் லிட்டருக்கு 5 மி.லி., சில துளி சோப்புக் கரைசலோடு, மாலையில் மட்டும். ரோமத்தில் எண்ணெய் தங்கிவிடுவதால் வெயில் பட்டால் தண்டு வெந்து தழும்பாகும்.

பூக்க வைப்பது

பூக்காத ஸ்டபீலியாவில் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் நேராகப் படட்டும். உச்சி வெயிலில் மட்டும் மெல்லிய நிழல் போதும். வெளிச்சம் போதாத தண்டு மெலிந்து நீண்டு வெளுக்கும். வெயில் அதிகமானால் செம்பழுப்பாகும். லேசான செம்மை கெடுதல் இல்லை. நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றும்போது இரண்டு வாரத்தில் படிப்படியாக நகர்த்துங்கள்.

அடுத்தது உரம். தழைச்சத்து மிகுந்தால் தண்டு கொழுத்து மென்மையாகி, பூவும் வராது, அழுகலும் எளிதாகும். தழைச்சத்து குறைந்து மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூடிய திரவ உரத்தை, பொதியில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, வளர்ச்சிக் காலத்தில் மட்டும் மாதம் ஒருமுறை கொடுங்கள்.

மொட்டு பொதுவாகப் புதுத் தண்டுகளின் அடிப்பக்கத்தில் வரும். தொட்டியை அழகாக்குவதாக நினைத்து ஓரத்துப் புதுத் தண்டுகளை நறுக்குபவர்கள் வரவிருக்கும் பூவையும் சேர்த்தே நறுக்குகிறார்கள். நடுவில் உள்ள முதிர்ந்த தண்டுகளைத்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொட்டி மாற்றும்போது நீக்க வேண்டும்.

பெரும்பாலும் கோடை முடிந்து பகல் குறையும் காலத்தில் மொட்டு தெரியும். அது பலூன் ஊதுவதுபோல் நாளுக்கு நாள் பெருத்து, ஒரு நாளில் விரிந்துவிடும். மொட்டு வந்தபின் தொட்டியை இடம் மாற்றாதீர்கள், மண்ணை முழுதாகக் காயவிட்டுத் திடீரென்று வெள்ளமாக ஊற்றாதீர்கள். மொட்டு உதிர்வதற்கு இந்த இரண்டுமே வழக்கமான காரணங்கள். விரிந்த பூ இரண்டு மூன்று நாள் இருக்கும்.

நாற்றமும் ஈக்களும்

மகரந்தத்தைச் சுமக்க இந்தப் பூவுக்கு ஈ வேண்டும். அழுகும் இறைச்சியிலிருந்து வரும் டைமீத்தைல் டைசல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்களைப் பூ வெளியிடுகிறது. நிறமும் ரோமமும் செத்த விலங்கின் தோலை ஒத்திருக்கின்றன. ஏமாந்து இறங்கும் ஈயின் கால் அல்லது வாய்ப்பகுதி பூவின் நடுவிலுள்ள நுண்ணிய பிளவில் மாட்டி, இழுத்துக்கொண்டு வெளியேறும்போது மகரந்தப் பையும் கூடவே வருகிறது. எருக்கம்பூவிலும் மகரந்தம் இப்படிப் பையாகத்தான் இருக்கிறது. சில ஈக்கள் பூவின் நடுவே முட்டையும் இடும். பொரிந்த புழுக்களுக்கு அங்கே இரை கிடையாது, பட்டினியில் இறந்துவிடும். பூவில் புழுவைக் கண்டு பூச்சிமருந்து அடிப்பது வீண். செடிக்கு நோய் எதுவும் இல்லை. வாடிய பூவைக் காம்போடு திருகி எடுத்துவிட்டால் முடிந்தது.

மூடிய அறை, படுக்கையறைச் சன்னல், சமையலறைப் பக்கம் ஆகியவற்றைத் தவிர்த்து, மொட்டு வருமுன்பே காற்றோட்டமான வெளிப்புற இடத்தைத் தேர்ந்து வைத்துவிடுங்கள். சன்னலோரம் மட்டுமே இடம் உள்ளவர்களுக்கு இதன் உறவான ஹுவெர்னியா ஜெப்ரினா பொருத்தம். சிறிய பூ, நடுவில் பளபளப்பான கருஞ்சிவப்பு வளையம், நாற்றம் மிகக் குறைவு, வளர்ப்பு முறை ஏறத்தாழ இதுவேதான்.

புதுச் செடி

8–12 செ.மீ. தண்டை, தாய்த்தண்டோடு சேரும் குறுகிய கணுவில் முறித்தெடுங்கள். அங்கே காயம் சிறியது. 5 நாள் உலர்த்தி, கலவையில் 1–2 செ.மீ. மட்டும் புதையும்படி நிறுத்துங்கள், அல்லது மண்மேல் படுக்கப்போடுங்கள். முதல் தண்ணீர் ஒரு வாரம் கழித்து, அதுவும் கொஞ்சமாக. வெப்பமான காலத்தில் 2–4 வாரத்தில் வேர்விடும். இழுத்துப் பார்க்காமல், புதுத் துளிர் வரும்வரை பொறுங்கள்.

வெளியில் வைத்த செடியில் ஈக்கள் வேலையை முடித்துவிட்டால் கொம்புபோல இரட்டைக் காய்கள் நிமிரும். முற்றி வெடித்தால் எருக்கு விதைபோலப் பட்டுக் குஞ்சத்தோடு காற்றில் பறந்துவிடும். வெனிசுவேலாவின் வறண்ட பகுதிகளில் வளர்ப்புச் செடியாகப் போன ஸ்டபீலியா இப்படித் தப்பிக் காட்டில் வேரூன்றியிருக்கிறது. விதை வேண்டுமானால் காய் மஞ்சளிக்கும்போது மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள், வேண்டாமென்றால் பச்சையாகவே நறுக்குங்கள். கழித்த தண்டுகளைப் புதர்க்காட்டிலோ தரிசு நிலத்திலோ வீசாதீர்கள். தரையில் கிடக்கும் சிறு துண்டுகூட வேர்பிடித்துவிடும், எனவே பொடியாக நறுக்கி வெயிலில் சருகாகும்வரை காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.