டெட் ரெக்கனிங்: இறந்ததும் அல்ல, உய்த்தறிந்ததும் அல்ல

கொடைக்கானலில் கடல் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடிக் கடலோடப் பழகுகிறோம். கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சொல்லித் தருகிறார். கடல் வரைபடத்தை மேசையில் விரித்து, தூத்துக்குடியிலிருந்து ஒரு சிறிய பாய்மரப் படகு புறப்பட்டால் எந்தத் திசை, என்ன வேகம், எத்தனை நாள் என்று திட்டம் போடுவோம். வெயில் அடித்தால் மொட்டைமாடியில் செக்ஸ்டன்ட் (தொடுவானத்திலிருந்து சூரியனோ விண்மீனோ எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளக்கும் கருவி) வைத்துச் சூரியனைப் பிடிப்போம். இதில் எனக்குக் குறையே இல்லை. குறையெல்லாம் கையில் தரப்படும் தமிழ்ப் பாடத்தாளில்தான்.

‘டெட் ரெக்கனிங்’ என்பதற்கு முதல் தாளில் ‘இறந்த கணிப்பு’ என்று இருந்தது. சிரித்தோம். அடுத்த தாளில் அது ‘உய்த்தறி கணிப்பு’ ஆகியிருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு முன்னதே மேல் என்று தோன்றியது.

பொருள் எளிது. கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம், அங்கிருந்து பிடித்த திசை, ஓடிய வேகம், கழிந்த நேரம் ஆகியவற்றை வைத்து இப்போது எங்கே இருக்கிறோம் என்று வரைபடத்தில் குறிப்பது. ‘ரெக்கனிங்’ என்றால் எண்ணுதல், கணக்கிடுதல். ‘டெட்’ எப்படி ஒட்டியது என்பதற்குப் பல கதைகள் உண்டு. 1613இலேயே இந்தச் சொல் அச்சில் வந்துவிட்டது என்பது மட்டும் நிச்சயம். ‘டிட்யூஸ்ட்’, அதாவது உய்த்தறிந்த, என்பதன் சுருக்கமே ‘டெட்’ என்ற விளக்கம் இருபதாம் நூற்றாண்டில் கிளம்பியது. பழைய ஏடுகளில் அதற்குச் சான்று கிடையாது. ‘உய்த்தறி கணிப்பு’ நிற்பது இந்தக் கதையின் மேல்தான்.

‘இறந்த’ என்பதற்காக வாதாடவும் எங்களில் ஒருவர் இருக்கிறார், தமிழாசிரியர். ‘இறந்தகாலம் என்கிறோமே, காலம் என்ன செத்தா போயிற்று? அளவிறந்த என்கிறோமே? இறத்தல் என்றால் கடத்தல். கடந்துபோன இடத்திலிருந்து கணக்கிடுவதால் இறந்த கணிப்பு சரிதான்’ என்றார். ஒரு நிமிடம் நான் அசந்துபோனேன். ஆனால் மொழிபெயர்த்தவர் அதை நினைத்தா எழுதியிருப்பார்? அகராதியில் ‘டெட்’ என்ற சொல்லுக்கு எதிரே முதலில் இருந்ததை எடுத்து வைத்திருப்பார், அவ்வளவுதான்.

‘உய்த்தறி’க்கு வருகிறேன். சொற்பிறப்பு பிழை என்பதை மன்னித்துவிடலாம். பிழையான கதையிலிருந்து நல்ல சொல் பிறந்ததும் உண்டு. ஆனால் உய்த்தறியாதது எது? விண்மீனின் உயரத்தை அளந்து, கடலோடிகளின் பஞ்சாங்கத்தைப் புரட்டி, இடத்தைக் கண்டுபிடிப்பதும் உய்த்தறிதல்தானே? இரண்டு முறைகளைப் பிரித்துக் காட்ட வேண்டிய சொல் இரண்டுக்கும் பொருந்தினால் அது எதற்கு? அலையில் ஆடும் படகில், நனைந்த கையோடு, ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய சொல் இது. ‘உய்த்தறி கணிப்பு என்ன?’ என்று கேட்டு முடிப்பதற்குள் பாறை வந்துவிடும்.

அதைவிடப் பெரிய கோளாறு ‘கணிப்பு’. கருத்துக்கணிப்பு, வானிலைக் கணிப்பு, கிரிக்கெட் கணிப்பு என்று புழங்கிப் புழங்கி அந்தச் சொல்லில் ஊகத்தின் வாடை ஏறிவிட்டது. பலித்தால் பலிக்கும், இல்லாவிட்டால் இல்லை. டெட் ரெக்கனிங் குத்துமதிப்பு அல்ல. அது கணக்கு. கடைசியாகத் தெரிந்த இடம் ஆரம்ப இருப்பு. மணிக்கு மணி திசையும் வேகமும் வரவு. நடுவே ஒரு மணி நேரம் எழுதாமல் விட்டால் பேரேடே பொய். சூரியனோ விண்மீனோ தெரியும்போது செக்ஸ்டன்டை எடுப்பது தணிக்கை. ஆகவே நான் சொல்வது ‘ஓட்டக்கணக்கு’. ஓடியதை வைத்துப் போடும் கணக்கு. நீரோட்டம், கப்பலோட்டி என்று ‘ஓட்டம்’ தண்ணீரில் நமக்குப் பழகியதுதான். லாரிக்காரர்கூடப் புரிந்துகொள்வார்.

டிசம்பரில் ஒரு காலை ஏரியில் இதைச் செய்து பார்த்தோம். படகின் முனை தெரியாத பனிமூட்டம். முன்னால் இருந்தவர் காய்ந்த தைலமரப் பட்டைத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டார். 4 மீட்டர் நீளப் படகைக் கடந்து அது பின்முனைக்கு வர 5 நொடி. நொடிக்கு 80 செண்டிமீட்டர். திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்து 6 நிமிடம் துடுப்புப் போட்டால் 288 மீட்டர். நோட்டில் எழுதியபடி நிறுத்தினோம். கரை இருக்க வேண்டிய இடத்தில் கரை இருந்தது. படித்துறை மட்டும் பத்தடி தள்ளி இருந்தது. யாரும் எதையும் ‘உய்த்தறியவில்லை’, எண்ணினோம், பெருக்கினோம்.

அன்று நண்பகல் பனி விலகியது. மலையில் கடலின் தொடுவானம் கிடையாது என்பதால், தட்டில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் சூரியனையும் வானத்துச் சூரியனையும் செக்ஸ்டன்டில் ஒன்றாகப் பொருத்தி, வந்த கோணத்தைப் பாதியாக்க வேண்டும். தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்தவருக்குக் கொடைக்கானல் டிசம்பர் மறந்துவிட்டது. பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டி. கடலை எண்ணெயில் வேலை முடிந்தது. இங்கே டிசம்பர் பிற்பாதி நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் நிற்கும்; இரட்டித்தால் ஏறத்தாழ 113. எங்கள் செக்ஸ்டன்ட் 120 வரைதான் காட்டும். ஜனவரி பிற்பகுதிக்கு மேல் இந்தத் தட்டு வித்தை நண்பகலில் பலிக்காது.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரு தடவையாவது பட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருந்தால் சொல் தானாக வந்திருக்கும். அதே தாளில் விண்மீன் பார்த்து வழியறிவதை ‘விண்வெளி வழிசெலுத்தல்’ என்று எழுதியிருக்கிறார்கள். படித்தவர் ராக்கெட்டைத் தேடுவார். இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற அபிலாஷ் டோமி 2023இல் செயற்கைக்கோள் உதவி இல்லாமல் பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றி வந்து கோல்டன் குளோப் படகுப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். அவர் போனது விண்வெளிக்கு அல்ல.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. டெட் ரெக்கனிங்கில் கண்டிப்பாகப் பார்த்தால் திசையும் வேகமும் நேரமும் மட்டும்தான். நீரோட்டத்தை, கடற்கரைக்காரர்கள் வழக்கில் ‘நீவாடு’, சேர்த்துத் திருத்திய இடத்துக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர். அரை நாட் (மணிக்கு அரைக் கடல்மைல்) நீவாடு ஒரு நாளில் படகை 12 கடல்மைல் தள்ளிவிடும் என்பதால் இந்த வேறுபாட்டை விட முடியாது. இப்போதைக்கு ‘நீவாடு சேர்த்த ஓட்டக்கணக்கு’ என்று நோட்டில் எழுதி வருகிறேன். நீளம்தான். தமிழாசிரியர் இதைவிடக் குட்டையாக ஒன்று சொன்னால் எடுத்துக்கொள்வேன், அதில் ‘இறந்த’ இல்லாத வரை.