சும்மா கிடந்தே கிழடாகும் பேட்டரி

மின்னூல் படிக்கும் என் பழைய இ-ரீடருக்குப் பேட்டரி மாற்றப்போய், இருந்ததைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன். அணைத்தபோது திரையில் வந்த படம் மட்டும் போகவில்லை. பக்கத்தில் நின்ற மகன், "அப்பா, தொடாதீங்க. இன்னும் கரண்ட் இருக்கு" என்றான்.

கரண்ட் இல்லை. இ-ரீடரின் திரையான மின்தாள் அப்படித்தான். மயிரிழை அகலமுள்ள குமிழ்களுக்குள் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கின்றன; ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், மற்றதற்கு எதிர். மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே ஏறும், இன்னொன்று அடியில் போகும். அப்புறம் அழுத்தத்தை எடுத்துவிட்டாலும் போன இடத்திலேயே நிற்கும். பக்கம் மாறும்போது மட்டும்தான் இந்தத் திரை மின்சாரம் கேட்கிறது. 2011-இல் வந்த கிண்டில் என்ற இ-ரீடர் வெறும் 890 எம்.ஏ.எச். (சார்ஜ் பிடிக்கும் அளவு) பேட்டரியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஓடியது இதனால்தான். இன்றைய போனில் 5000 இருந்தும் ராத்திரிக்கு ராத்திரி சார்ஜ் போடுகிறோம்.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. லித்தியம் அயன் பேட்டரி 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கினால் கொள்ளளவு புதிதில் இருந்ததில் 80 சதவீதமாகக் குறையும் என்பது பொதுவான மதிப்பீடு. மூன்று வாரத்துக்கு ஒரு சார்ஜ் என்றால் ஆண்டுக்கு 17; பத்து ஆண்டில் 170. நியாயமாகப் பார்த்தால் என் பேட்டரி இன்னும் நடுவயதில் இருக்க வேண்டும். ஆனால் ஒரு சார்ஜ் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது.

வேலை செய்து தேய்வது ஒரு கணக்கு, வயதாகித் தேய்வது இன்னொரு கணக்கு. பேட்டரிக்குள் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் கோபால்ட் போன்ற உலோகத்தின் ஆக்சைடு, நடுவில் மின்பகு திரவம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் (மின்னூட்டம் உள்ள லித்தியம் அணுக்கள்) அந்தத் திரவம் வழியே கிராஃபைட்டுக்குள் போய் உட்கார்கின்றன. செலவாகும்போது திரும்பி வருகின்றன. தொழிற்சாலையில் முதல் சார்ஜ் ஏற்றும்போதே கிராஃபைட்டின் மேல் திரவம் கொஞ்சம் சிதைந்து ஒரு மெல்லிய படலம் படியும், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல. அது நல்லதுதான். திரவம் மேலும் சிதையாமல் காப்பதே அந்த ஆடைதான். சிக்கல் என்னவென்றால், அது வளர்வது முழுசாக நிற்பதில்லை. நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் அது மெல்லத் தடிக்கிறது. அதில் மாட்டிக்கொண்ட லித்தியம் திரும்பி வராது. வெயிலில் நிறுத்திய கார், எப்போதும் நூறு சதவீதத்தில் வைத்திருக்கும் பழக்கம் இரண்டும் ஆடையைச் சீக்கிரம் தடிக்க வைக்கும்.

கொள்ளளவு குறைவது பாதிக் கதைதான். மின்சாரம் வெளியே வருவதை மட்டுப்படுத்தும் உள்தடையும் ஏறுகிறது. மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும்; குழாய்க்குள் உப்பு படிந்திருக்கும். ஒரு குழாயைத் திறந்தால் வரும். இரண்டைத் திறந்தால் நூலாக ஒழுகும். பேட்டரி தருவது 3.7 வோல்ட். துகள்களை நகர்த்த மின்தாளுக்கு நேர் 15, எதிர் 15 வோல்ட் வேண்டும். அதை உள்ளே இருக்கும் சில்லு உயர்த்திக் கொடுக்கிறது. அந்தச் சமயத்தில் பேட்டரியிலிருந்து ஒரு இழுப்பு இழுக்கும். வைஃபையும் சேர்ந்துகொண்டால் கிழட்டுப் பேட்டரியின் வோல்ட் சட்டென்று சரியும், கருவி அணைந்துவிடும். '40 சதவீதம்னு காட்டிச்சு, பக்கம் திருப்பினேன், செத்துப்போச்சு' என்ற புலம்பலின் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

அலமாரியில் இரண்டு ஆண்டு மறந்துபோன கருவிக்கு நிலைமை இன்னும் மோசம். கசிந்து கசிந்து வோல்ட் மிகவும் கீழே போனால், கிராஃபைட்டைத் தாங்கும் செப்புத் தகடே திரவத்தில் கரையத் தொடங்கும். அப்படிப்பட்டதை வேறு பேட்டரியோடு ஒட்டி 'உயிர் கொடுக்கும்' வித்தைகளை நம்ப வேண்டாம். கரைந்த செம்பு உள்ளே வேறு இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம்.

சரி, மாற்றுவது எப்படி? சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். நிரம்பிய பேட்டரி குத்துப்பட்டால் எரிவதற்கு உள்ளே சரக்கு அதிகம். என்னுடையதில் முன்சட்டம் பசையால் ஒட்டியிருந்தது. ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு நகர்த்தினேன். கைக்கு ஒரு கால் மணி நேரம் பொறுமை வேண்டும். தாள்போலத் தெரியும் திரைக்குப் பின்னால் பெரும்பாலும் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. இந்த வேலையில் கைதவறினால் முதலில் போவது அதுதான்.

உள்ளே வெள்ளி நிறப் பை, அதன் தலையில் மஞ்சள் டேப், டேப்புக்கு அடியில் நகத்தளவு பாதுகாப்புச் சுற்று. சிவப்பு, கறுப்பு வயர்களோடு மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. பல பேட்டரிகளில் அது வெப்பம் அளக்கும் உணரியின் வயர். அதை விட்டுவிட்டு இரண்டை மட்டும் சோல்டர் செய்தால் சில கருவிகள் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். கனெக்டர் பொருந்திவிட்டது என்று உடனே செருகிவிடவும் கூடாது. மலிவான மாற்றுகளில் நேரும் எதிரும் இடம் மாறி வருவதுண்டு. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பசையில் ஒட்டிய பேட்டரியை ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டால் பசை தானாக இளகும். பை உப்பியிருந்தால் உள்ளே வாயு. அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

இவ்வளவு பசை எதற்கு என்று எரிச்சல் வரத்தான் செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்று சட்டம் வருகிறது. இ-ரீடர் விற்கும் கோபோ நிறுவனம் 2024-இலேயே தன் புதிய மாடல்களுக்கு, பழுதுநீக்கக் குறிப்புகள் வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு சேர்ந்து பழுதுபார்க்கும் வழிகாட்டி தருவதாக அறிவித்தது.

வாங்கும்போது விலையைவிட, பையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டுக்கு முன் செய்து பிரிக்காமலே வைத்திருந்த 'ஒரிஜினல்' பேட்டரியிலும் ஆடை படிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

நான் போட்டது போன ஆண்டு செய்தது. செருகியதும் 3 சதவீதம் காட்டியது, கொஞ்ச நேரத்தில் 61. அளவு பார்க்கும் சில்லு இன்னும் பழைய பேட்டரியின் நினைப்பிலேயே இருந்தது. ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கியதும் சரியானது. பழையதின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுக்கும் கடையில் கொடுத்தேன். எடை போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் காசு வராது சார்" என்று டப்பாவில் போட்டுக்கொண்டார்.