அளவெடுக்கும் நாளில் விடுபடுபவை: சீன நெடுஞ்சாலைகளும் இடம்பெயரும் கிராமக் குடும்பங்களும்

நெடுஞ்சாலைத் திட்டங்களுக்கான மறுகுடியமர்வு அறிக்கைகளைப் படிப்பதும், அவற்றில் எழுதியிருப்பது களத்தில் நடந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பதும் என் தொழில். அந்தப் பணிக்காலத்தில் கணிசமான பகுதி சீனாவின் தென்மேற்கு மாகாணங்களில் கழிந்தது. இழப்பீடு பற்றிப் பேச்செடுத்தால், 'ஒரு மு நிலத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு மு என்பது ஒரு ஹெக்டேரில் பதினைந்தில் ஒரு பங்கு, நம் கணக்கில் ஏறத்தாழ 16.5 சென்ட். விலை முக்கியம்தான். ஆனால் நான் பார்த்த வரையில், சாலை வந்தபின் ஒரு குடும்பம் நிமிர்ந்ததா, நொடித்ததா என்பதை விலையைவிட அதிகமாகத் தீர்மானித்தவை இரண்டு. அளவெடுக்கும் நாளில் படிவத்தில் எது ஏறியது, எது விடுபட்டது என்பது ஒன்று. வந்த பணத்தை ஊருக்குள் யார், எப்படிப் பிரித்தார்கள் என்பது மற்றொன்று.

இதைப் புரிந்துகொள்ள, சீனக் கிராமத்தில் நிலம் யாருடையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1982-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி நகர நிலம் அரசுக்குச் சொந்தம். கிராம நிலம், வீட்டுமனை உட்பட, ஊரார் எல்லோரும் சேர்ந்த ஊர்க் கூட்டமைப்புக்குச் சொந்தம். உழவர் குடும்பத்திடம் இருப்பது பயிரிடும் உரிமை மட்டுமே. 1978-இல் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 குடும்பங்கள் நிலத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு தொடங்கிவைத்த குடும்ப ஒப்பந்த முறை, பிறகு நாடு முழுதும் பரவி, 30 ஆண்டு ஒப்பந்தமாகச் சட்டத்தில் இடம்பெற்றது. ஆகவே அரசு ஒரு வயலைக் கையகப்படுத்தும்போது, சட்டப்படி நிலத்தை இழப்பது கூட்டமைப்பு. வாழ்வாதாரத்தை இழப்பதோ குடும்பம். நிலத்துக்கான இழப்பீடு முதலில் கூட்டமைப்பின் கணக்குக்குத்தான் போகிறது. நின்ற பயிருக்கும், மரம், கிணறு, கட்டுமானங்களுக்கும் உரிய தொகை மட்டுமே நேராக உரியவரைச் சேர்கிறது. இந்தப் பிளவைக் கவனிக்காமல் படித்தால், அறிக்கையில் எழுதியிருக்கும் 'ஒரு மு-வுக்கு இவ்வளவு' என்ற தொகை முழுவதும் உழவர் கைக்குப் போனதாகத் தோன்றிவிடும்.

தொகையைக் கணக்கிட்ட முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1998-இல் திருத்தப்பட்ட நில நிர்வாகச் சட்டம், கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி விளைச்சல் மதிப்பை அடிப்படையாக வைத்து, நில இழப்பீட்டை அதன் 6 முதல் 10 மடங்கு என்றும், மறுவாழ்வு உதவித்தொகையை, பாதிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் 4 முதல் 6 மடங்கு என்றும் நிர்ணயித்தது. இரண்டும் சேர்ந்து 30 மடங்கைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பும் இருந்தது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆண்டுக்கு 1,000 யுவான் விளையும் ஒரு மு நிலம், தலைக்கு ஒரு மு வீதம் இருக்கும் ஊரில், உயர்ந்த மடங்கில் கணக்கிட்டாலும் 16,000 யுவான்தான் பெறும். நெல்லும் சோளமும் விளைவிக்கும் நிலத்தின் மதிப்பை விளைச்சலை வைத்தே அளந்ததால், பக்கத்தில் தொழிற்பேட்டை வரப்போகிறது என்றாலும் அந்த உயர்வு உழவர் கணக்கில் ஏறாது. முதுமையில் சோறு போடும் காப்பீடாக அந்தக் குடும்பம் அதே நிலத்தை நம்பியிருந்தது என்பதும் ஏறாது.

1988-இல் ஷாங்காய் – ஜியாடிங் விரைவுச்சாலையில் தொடங்கிய வலைப்பின்னல் 2023 முடிவில் 1,80,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி இந்த மடங்குக் கணக்கு நடைமுறையில் இருந்த காலத்தில் போடப்பட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் சாலை, அணை போன்ற அரசுத் திட்டங்களுக்கு, விலை பேசி நிலம் வாங்கிய வணிகத் திட்டங்களைவிடக் குறைவான மடங்கே பெரும்பாலும் கிடைத்தது. 2004-இல் அரசவை (சீனாவின் நடுவண் அமைச்சரவை) வெளியிட்ட 28-ஆம் எண் முடிவு, தேவைப்பட்டால் 30 மடங்கைத் தாண்டலாம் என்று கதவைத் திறந்தது. 2007-ஆம் ஆண்டு சொத்துச் சட்டம், நிலமிழந்தவரின் சமூகப் பாதுகாப்புக் கட்டணத்தையும் இழப்பீட்டோடு சேர்த்தது. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் மடங்குக் கணக்கையே கைவிட்டு, வட்டாரவாரியான ஒருங்கிணைந்த நிலவிலையை வகுத்து, அதை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்றது. வீட்டுக்குத் தனி இழப்பீடு, கையகப்படுத்தும் முன் 30 நாளுக்குக் குறையாத அறிவிப்பு, மேல்மட்ட அரசிடம் ஒப்புதல் கேட்கும் முன்பே குடும்பங்களுடன் உடன்படிக்கை, தொகை முழுவதையும் முன்கூட்டியே ஒதுக்குதல் ஆகியவையும் வந்தன. இது உண்மையான முன்னேற்றம் என்பதே என் கருத்து. குறிப்பாக, உடன்படிக்கையும் ஒதுக்கீடும் ஒப்புதலுக்கு முன்னே நகர்ந்தது பெரிய மாற்றம். முன்பெல்லாம் மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகும், பணம் மாகாணத்திலிருந்து மாவட்டம், ஒன்றியம், கிராமம் என்று ஒவ்வொரு படியிலும் தங்கித் தங்கி வந்துகொண்டிருக்கும்.

இனி ஊருக்குள் வருவோம். அணை கட்டினால் முழுக் கிராமமும் நீரில் மூழ்கும். சாலை அப்படியல்ல, ஒரு நாடாவைப் போல ஓடி, ஒரு வீட்டின் முக்கால் நிலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டை அப்படியே விட்டுவிடும். இதைச் சமன்செய்ய, பல ஊர்களில் கிராமக் குழு கூடி, வந்த பணத்தை எல்லாக் குடும்பங்களுக்கும் தலைக்கணக்கில் பிரித்து, எஞ்சிய நிலத்தையும் மறுபடி பங்கிட்டுவிடும். நான் முதலில் இதைக் கேட்டபோது நெகிழ்ந்தேன். சுமையை ஊரே பகிர்ந்துகொள்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் அதன் இடறல்கள் தெரிந்தன. 2003-இல் நடைமுறைக்கு வந்த கிராம நில ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தக் காலத்துக்குள் நிலத்தை மறுபங்கீடு செய்வதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. அதனால் சில ஊர்களில் பணம் மட்டும் பிரிந்தது, நிலம் பிரியவில்லை. நிலத்தை இழந்தவருக்குப் பணத்திலும் ஊர்ப் பங்குதான் கிடைத்தது. மறுகுடியமர்வு அறிக்கைகளில் 'ஊர்க் கூட்டத்தின் முடிவுப்படி' என்று ஒரே வரியில் கடந்துபோகும் இந்த இடத்தில்தான், நான் எப்போதும் நின்று கேள்வி கேட்பேன்: நிலமும் மறுபங்கீடு ஆனதா, பணம் மட்டுமா?

தலைக்கணக்கு என்றவுடன் யார் தலை என்ற கேள்வி வரும். அந்த இடத்தில் அதிகம் அடிபடுபவர்கள் பெண்கள். வெளியூரில் மணம்முடித்த பெண்ணின் குடும்பப் பதிவு பிறந்த ஊரிலேயே இருந்தாலும், 'கட்டிக் கொடுத்தாயிற்று' என்று அவள் பங்கை நிறுத்திவிடுவார்கள். புகுந்த ஊரிலோ, 'நீ வருவதற்கு முன்பே நிலம் பிரித்தாயிற்று' என்பார்கள். மணமுறிவு பெற்றவர்களின் நிலை இதைவிட மோசம். ஊர்க்கூட்டம் வாக்கெடுத்து முடிவு செய்தது என்பதாலேயே இந்த அநீதி முறையானதுபோல் தோன்றிவிடுகிறது. 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் கிராமக் கூட்டுப் பொருளாதார அமைப்புகள் சட்டம், மணமாகாதது, மணமானது, மணமுறிவு, கணவரை இழந்தது, வீட்டில் ஆண் இல்லாதது ஆகிய எதையும் காரணம் காட்டிப் பெண்ணின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. சாலைத் திட்டங்களைக் கண்காணிப்பவர்கள் பங்குப் பட்டியலை ஆண், பெண் என்று பிரித்துக் கேட்டு வாங்குவதற்கு, இப்போது சட்டத்தின் துணையே இருக்கிறது.

வீட்டின் கதை வேறு. 2011-இல் வந்த வீடு கையகப்படுத்தும் ஒழுங்குவிதி அரசு நிலத்தில், அதாவது நகரத்தில், இருக்கும் வீடுகளுக்கு மட்டுமே பொருந்தியது. கிராம வீடுகள் நீண்ட காலம் மாகாண, மாவட்ட விலைப்பட்டியல்களின் தயவிலேயே இருந்தன. செங்கல்லும் கான்கிரீட்டும் என்றால் ஒரு விலை, செங்கல்லும் மரமும் என்றால் அதைவிடக் குறைவு, மண்சுவர் என்றால் மிகக் குறைவு. ஏழையின் வீடு மண்சுவர் வீடு. அதற்குக் கிடைக்கும் தொகையில் மீண்டும் மண்சுவர் வீட்டைத்தான் கட்ட முடியும், ஆனால் அப்படிக் கட்ட இன்று கொத்தனாரும் இல்லை, பல இடங்களில் அனுமதியும் இல்லை. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடனில் போடப்பட்ட சாலைகளில், தேய்மானம் கழிக்காமல், புதிதாகக் கட்ட ஆகும் முழுச் செலவையும் தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஒரு நிபந்தனை எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது.

விலைப்பட்டியலுக்கும் கட்டுச் செலவுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, 2012-இல் உலகமே பார்த்த ஒரு படம் உண்டு. செஜியாங் மாகாணம் வென்லிங்கில், புதிய ரயில் நிலையத்துக்குப் போகும் அகன்ற சாலையின் நட்டநடுவே ஓர் ஐந்து மாடி வீடு தனியாக நின்றது. அதைக் கட்ட ஏறத்தாழ 6 லட்சம் யுவான் ஆனதாகச் சொன்னவருக்கு, முதலில் முன்வைக்கப்பட்ட தொகை 2,20,000 யுவான். 2,60,000-க்கு அவர் இசைந்தபின், டிசம்பர் 1 அன்று வீடு இடிக்கப்பட்டது. இப்படிப்பட்ட வீட்டைச் சீனத்தில் 'ஆணி வீடு' என்பார்கள். பிடுங்க வராத ஆணி. அந்தச் சொல்லில் இருக்கும் எரிச்சல் எனக்கு உவப்பானதல்ல. போட்ட காசில் பாதிகூடத் திரும்பாத நிலையில் ஒருவர் கையெழுத்திட மறுப்பது பிடிவாதம் ஆகாது.

சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா, இடப்பெயர்வு கொண்டுவரும் வறுமை ஆபத்துகளை எட்டாக வகுத்தார். நிலமின்மை, வேலையின்மை, வீடின்மை ஆகியவற்றோடு பொதுச் சொத்துகளை இழப்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். சாலைத் திட்டங்களில் மிக எளிதாக விடுபடுவது அதுதான். மலையடிவாரக் கிராமம் ஒன்றில், அளவெடுப்புக் குழுவோடு ஒரு வீட்டு முற்றத்தில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படிவத்தில் ஒவ்வொன்றாக ஏறியது: செங்கல்–மர வீடு இத்தனை சதுர மீட்டர், பன்றிக் கொட்டில், சாண எரிவாயுக் குழி, கிணறு, சுற்றுச்சுவர், அடிமரச் சுற்றளவு வாரியாக வால்நட் மரங்கள், வீட்டுக்குப் பின்னால் இரண்டு கல்லறைகள். அறிவிப்புக்குப் பின் அவசரமாக நட்ட கன்றுகளுக்கு இழப்பீடு இல்லை என்பதால், வரப்போரத்து நாற்றுகளைப் பற்றி ஒரு சிறு வாக்குவாதமும் நடந்தது. எல்லாம் முடிந்து, வீட்டுக்காரர் சிவப்பு மையில் கட்டைவிரலை அழுத்திக் கைரேகை வைத்தார். அப்போது உள்ளிருந்து வந்த அவருடைய தாயார், சாலைக்கு அந்தப் பக்கம் தங்கிவிடப்போகும் ஒன்றரை மு வயலைக் கைநீட்டிக் காட்டி, 'அங்கே எருமையை எந்த வழியாக ஓட்டிக்கொண்டு போவது?' என்று கேட்டார். படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. அந்த வயல் கையகப்படுத்தப்படவில்லை. ஆகவே அது பாதிக்கப்படாத நிலம்.

விரைவுச்சாலை இருபுறமும் வேலியிட்டது. குறுக்கே கடக்க முடியாது. ஏறி இறங்கும் சந்திப்பு பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே பாதையோரக் கடை வைத்துப் பிழைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. சாலைக்கு அடியில் கடந்துபோகும் அடிப்பாதை எங்கே வருகிறது, அதில் நெல் ஏற்றிய வண்டி நுழையுமா, மழையில் தண்ணீர் தேங்குமா, வெட்டுப்படும் வாய்க்காலுக்குக் குழாய் எந்த மட்டத்தில் வைக்கப்படுகிறது என்பவைதான் எஞ்சிய நிலத்தின் மதிப்பை முடிவு செய்கின்றன. இவை பொறியாளரின் வரைபடத்தில் இருக்கின்றன, இழப்பீட்டுப் படிவத்தில் இல்லை. இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்ப்பவர்கள் அரிது. மண் எடுக்கவும் கொட்டவும் தற்காலிகமாக எடுக்கும் நிலமும் அப்படித்தான். இரண்டு ஆண்டு, பெரிய போக்குவரத்துத் திட்டம் என்றால் நான்கு ஆண்டு வரை என்பது சட்டம். ஆனால் மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்துத் திரும்பப் பரப்பினார்களா என்று யாராவது பார்க்காவிட்டால், திரும்பக் கிடைப்பது சரளைத் திடல்தான்.

ஆகவே இந்தத் துறைக்கு வரும் இளையவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. அளவெடுக்கும் நாளில் வீட்டுப் பெண்களும் உடனிருக்கட்டும். குடியானவர் கைரேகை வைக்கும் முன் படிவத்தை உரக்கப் படித்துக்காட்டச் செய்து, ஒரு நகலை அவர் கையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வயலை மட்டும் அளக்காமல், வயலுக்குப் போகும் வழியையும் நீர் வரும் வழியையும் அவரோடு நடந்து பாருங்கள். பணம் கொடுத்து முடிந்ததும் கோப்பை மூடிவிடாமல், இரண்டு அறுவடை கழித்துத் திரும்பப் போங்கள்.

நான் பார்த்த அந்த ஊருக்கும் திரும்பப் போனேன். அந்தக் குடும்பம் ஊருக்குள்ளேயே புது மனையில் இரண்டு மாடி வீடு கட்டியிருந்தது. மேல்மாடிக்கு இன்னும் பூச்சு வேலை நடக்கவில்லை, உறவினரிடம் வாங்கிய கடன் பாக்கி. வீட்டுக்கு நேர் எதிரே வர வேண்டும் என்று குறிப்பில் நான் எழுதிய அடிப்பாதை, அரை கிலோமீட்டர் கீழே, வாய்க்காலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. மகன் வேலைக்காகக் கடலோர நகரத்துக்குப் போய்விட்டான். எருமையை விற்றுவிட்டார்கள். அந்த ஒன்றரை மு வயலில் மரம் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். தாயார் என்னைச் சாலைக் கரைவரை அழைத்துப் போய், வேலிக்கு இப்பால் நின்று, அந்த மரங்களைக் காட்டினார்.