குதிரைமுடித் தொப்பியைத் தனியே பார்க்காதீர்கள்

அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கும் பணியில், கொரியாவின் ‘காட்’ தொப்பி ஆய்வுக்கு வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, அதனுடன் வேறென்ன வந்திருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலும் தொப்பி மட்டுமே வந்திருக்கும்.

கொரியாவை ஆண்ட ஜோசொன் அரச மரபின் காலத்தில் மணமான ஆண் தலைமுடியை உச்சிக்குடுமியாக முடிந்து, அவிழாதபடி குதிரைமுடியால் பின்னிய ‘மாங்கொன்’ என்னும் பட்டையை நெற்றியைச் சுற்றி இறுகக் கட்டி, அதற்கு மேலேதான் காட் தொப்பியை அணிந்தார். உட்புறக் குடுமி நிழலாகத் தெரியுமளவுக்கு அதன் நடுப்பகுதி மெல்லியது. மணமாகிப் பொறுப்பேற்றவர் என்பதைக் குடுமியும் தொப்பியும் சேர்ந்தே உணர்த்தின. நாடே துக்கம் காக்கும் நாள்களில் கறுப்புத் தொப்பிக்குப் பதிலாக வெள்ளைத் தொப்பி அணியப்பட்டது.

குடுமிக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை 1895இல் உலகம் கண்டது. முடியை வெட்ட வேண்டும் என்ற அரசாணை வந்தபோது மன்னர் கோஜோங் தம் முடியை வெட்டிக்கொண்டார். பெற்றோர் தந்த உடலின் ஒரு பகுதியை வெட்டுவது அவர்களுக்கு இழைக்கும் அவமதிப்பு என்று நம்பிய கன்பூசிய அறிஞர்களோ கொதித்தெழுந்தார்கள்.

தொப்பியின் விளிம்புக்கு மூங்கிலை நூலிழை அளவுக்குக் கீறிப் பின்னுவார் ஒருவர். நடுப்பகுதியைக் குதிரையின் பிடரி, வால் முடிகளால் பின்னுவார் இன்னொருவர். இரண்டையும் இணைத்து அரக்குப் பூசி முடிப்பவர் மூன்றாமவர். ஜேஜு தீவும் தோங்யோங் நகரும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. 1964இல் கொரிய அரசு இக்கைவினையைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. இன்று வாடகைக்குக் கிடைக்கும் நைலான் தொப்பிகளைப் பார்த்துவிட்டு இதை மதிப்பிடுவது பெரிய அநீதி.

ஆகவே, உங்கள் சேகரிப்பில் இப்படியொரு தொப்பி இருந்தால், விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தாங்குங்கள். குதிரைமுடியை அரிக்கும் பூச்சிகளையும், அரக்கை வெடிக்கச் செய்யும் கடும் வறட்சியையும் கவனியுங்கள். முக்கியமாக, மாங்கொன் பட்டை, தாடை நாடா, மழைக்காலத்தில் தொப்பிக்கு மேல் கவிழ்க்கும் எண்ணெய்த்தாள் உறை, பெட்டி ஆகிய அனைத்தையும் ஒரே பதிவெண்ணின் கீழ் வையுங்கள். அந்த உறை மடித்தால் விசிறி போலிருக்கும் என்பதால், விசிறி என்றே பதிவாகி வேறொரு அலமாரிக்குப் போய்விட்டதை நான் கண்டிருக்கிறேன். அதன் தொப்பி எது என்று பின்னர் யாராலும் சொல்ல இயலவில்லை.