மெத்தென்று ஓடப் பழகும் கால்கள்

ஓடும்போது பாதம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும், உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு விசையைத் தரை திருப்பித் தருகிறது. குதிகாலை முதலில் ஊன்றி ஓடுபவர்களிடம் இந்த விசையின் வரைபடத்தைப் பார்த்தால், பாதம் பட்ட முதல் 50 மில்லிநொடிக்குள்ளேயே கூர்மையான சிறு முகடு ஒன்று எழுவது தெரியும். அந்த முகடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதே இங்கு முக்கியம். கணைக்கால் எலும்பில் அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் உண்டாகும் நுண்விரிசல்) ஏற்பட்ட ஓட்டக்காரர்களிடம் இந்த ஏற்றம் கூடுதலாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன.

ஆனால் இத்தனை குறுகிய நேரத்தில் நடந்து முடியும் மோதலை ஓடுபவரால் அளந்து உணர முடியாது. பின்னூட்டப் பயிற்சி இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. கணைக்காலின் கீழ்ப்பகுதியில் முடுக்கமானி எனும், வேக மாற்றத்தை அளக்கும் சிறு கருவியை இறுகக் கட்டி, டிரெட்மில்லுக்கு எதிரே உள்ள திரையில் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் அது நிகழும்போதே வரைந்து காட்டுகிறார்கள். குரோவெல், டேவிஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஓடுபவரின் தொடக்க அளவில் பாதியைக் குறிக்கும் கோடு ஒன்று திரையில் இருந்தது. முகடுகளை அந்தக் கோட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு, காலடி ஓசை குறையும்படி மெத்தென்று ஓட வேண்டும் என்பதே அறிவுரை. முழங்காலை எவ்வளவு மடக்குவது, பாதத்தின் எந்தப் பகுதியை முதலில் ஊன்றுவது என்பதையெல்லாம் உடலே தேடிக் கண்டுபிடிக்கிறது.

இரண்டு வாரங்களில் எட்டு அமர்வுகள் நடந்தன. முதல் நான்கில் திரை முழு நேரமும் தெரிந்தது; பிந்தைய நான்கில் ஓடும் நேரம் நீண்டுகொண்டே போக, திரை தெரியும் நேரம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. இந்தப் பயிற்சியின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து. திரை எப்போதும் கண்முன் இருந்தால் மூளை அதையே நம்பியிருக்கும். அது மறையும்போதுதான் தசையின் இழுவையையும் காலடியின் ஓசையையும் வழிகாட்டியாகக் கொள்ளக் கற்றுக்கொள்ளும். அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு மாதம் கழித்து அளந்தபோதும் பெரும்பாலும் அந்தக் குறைவு நீடித்தது. பங்கேற்றவர்கள் பத்துப் பேர் மட்டுமே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2018இல் வெளியான இன்னும் பெரிய ஆய்வில், புதிதாக ஓடத் தொடங்கிய 320 பேர் ஓராண்டு கண்காணிக்கப்பட்டனர். வழக்கம்போல் ஓடியவர்களில் 38 சதவீதம் பேருக்குக் காயம் ஏற்பட்டது. பின்னூட்டத்தோடு பயின்றவர்களில் 16 சதவீதம் பேருக்கே ஏற்பட்டது. எனினும் பயின்றவர்களிடையே குதிகால் நாண் வலியும் கெண்டைக்கால் தசைக் காயமும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டன. பாதத்தின் நடுப்பகுதியையோ முன்பகுதியையோ ஊன்றத் தொடங்கும்போது, முழங்கால் இறக்கி வைக்கும் சுமையைக் கெண்டைக்கால் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே குதிகால் நாணில் ஏற்கெனவே தொல்லை உள்ளவர்களுக்கு இந்த மாற்றம் பொருந்தாமல் போகலாம். மற்றவர்களும் கெண்டைக்காலைப் பலப்படுத்திக்கொண்டே, ஓடும் தூரத்தைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும்.