சோளகர் மூட்டிய சின்னத் தீ

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடத்தில், நம் சத்தியமங்கலம் காட்டை ஒட்டி இருக்கிறது கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசாமி மலை. சத்தியமங்கலத்தைப் போலவே அங்கும் காலங்காலமாக வாழ்பவர்கள் சோளகர்கள். ஒரு காலத்தில் தை பிறந்தால் அவர்கள் காட்டுக்குத் தீ வைப்பார்கள். கேட்டதும் பகீர் என்றுதான் இருக்கும்.

அந்தத் தீக்குப் பெயர் 'தரகு பெங்கி'. அவர்கள் பேச்சில் தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. தை மாதத்தில் சருகு அதிகம் சேர்ந்திருக்காது. மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், இரவானால் பனி இறங்கும். அதனால் தீ தரையோடு தரையாக ஓடி, சருகையும் காய்ந்த புல்லையும் தின்றுவிட்டு அடங்கிவிடும். தடித்த பட்டையுள்ள மரங்கள் தப்பிவிடும். அப்புறம் இளம்புல் துளிர்க்கும், மானும் காட்டெருமையும் மேய வரும். இதையே சித்திரையில் பற்றவிட்டால் கதை வேறு. அதற்குள் சருகு மெத்தையாகக் குவிந்து, புல் முழுக்கக் காய்ந்திருக்கும். தீயைக் கையாளவே முடியாது.

1974-இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயமானது. மலைச்சரிவில் இடம் மாற்றி மாற்றிப் பயிர் செய்வது நின்றது, தீ வைப்பது குற்றமானது. காட்டைக் காக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் காட்டுக்குள் காத்திருந்த ஒரு செடிக்கு அது வசதியாகிவிட்டது.

தென், மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த உண்ணிச்செடி (லாண்டானா) சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அழகுச்செடியாக வந்தது. ஆண்டுதோறும் வந்த சின்னத் தீ அதன் நாற்றுகளைக் கருக்கிக்கொண்டிருந்தது என்கிறார்கள் சோளகர்கள். தீ நின்றதும் நாற்றுகள் புதராயின. ஆய்வாளர்கள் 1997-இல் இந்தக் காட்டில் பார்த்த இடங்களில் 41 விழுக்காட்டில் உண்ணிச்செடி இருந்தது. 2008-இல் அதே இடங்களுக்குத் திரும்பப் போனபோது 81 விழுக்காடு! புதருக்கடியில் புல் இல்லை, புல் இல்லாத இடத்தில் மானுக்கு இரை இல்லை. நெல்லிக்காய் பொறுக்கப் போகிறவருக்கோ, புதருக்குப் பின்னால் யானை நிற்பதுகூடத் தெரியாது.

நெல்லிக்கு இன்னொரு கேடும் வந்தது, புல்லுருவி. சோளகர்கள் அதை 'உப்பிலு' என்பார்கள். பூக்கொத்திக் குருவி அதன் பழத்தைத் தின்று கழிக்கும் விதை, பசைபோலக் கிளையில் ஒட்டிக்கொள்ளும். முளைத்ததும் பட்டையைத் துளைத்து உள்ளே வேர்போல ஒன்றை இறக்கி மரத்தின் நீரை உறிஞ்சும். இலை பச்சைதான், தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டும் அடுத்தவர் வீட்டுக் குழாயில்! கிளைகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். முன்பெல்லாம் சருகுத் தீயின் சூடும் புகையும் இதை அடக்கி வைத்திருந்தன என்பது சோளகப் பெரியவர்களின் கணிப்பு.

2006-இல் நெல்லிக்காய், தேன், கல்பாசி எடுத்து விற்பதற்கும் தடை வந்தது. எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான். ஏனென்றால் நெல்லி மரங்களைப் பல ஆண்டுகள் கணக்கெடுத்துப் பார்த்த ஆய்வில், மரங்கள் குறைவதற்குப் பெரிய காரணங்களாகத் தெரிந்தவை புல்லுருவியும் உண்ணிச்செடியும்தான். காய் பறிப்பது அல்ல. கேடு ஓரிடம், தண்டனை வேறிடம்.

2011 ஜனவரியில் அந்த மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில், வன உரிமைச் சட்டப்படி சோளகர்களின் சமூக வன உரிமை, அதாவது காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தும் உரிமை, ஏற்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி நடந்தது நாட்டிலேயே அதுதான் முதல்முறை.

சரி, பழையபடி தீ வைத்துவிடலாமா? இப்போது முடியாது. உண்ணிப்புதர் ஏணிபோல நிற்கிறது. தரைத்தீ அதில் ஏறி மரத்தின் உச்சிக்கே போய்விடும். முதலில் புதரை எடுக்க வேண்டும். அதிலும் தண்டை வெட்டினால் போதாது, அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். பிறகும் சில ஆண்டுகள் மழைக்குப் பின் முளைக்கும் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். புல் திரும்பிய இடத்தில், சின்னதாக ஒரு துண்டு நிலத்தில், வனத்துறையும் கிராம சபையும் சேர்ந்து நின்று தைத் தீயை மூட்டிப் பார்க்கலாம். எந்த நாளில், எந்தக் காற்றில், எந்தப் பக்கமிருந்து பற்றவைப்பது என்பதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே.